முந்நூறு ஊர்களுக்குப் பெயர்

அப்பா இறந்து நாலு மாதம் கழித்து, அவருடைய வேலை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை யார் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் சுற்றிச் சுற்றி வந்ததைச் சென்ற வாரம் சொன்னேன்.

அப்பா துரைராஜ் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பணியில் இருக்கும்போதே போய்விட்டதால் பிள்ளைகளில் ஒருவருக்கு வேலை தருவார்கள். வாரிசு வேலை. யாருக்கு என்று அம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கெடு.

எனக்கு இருபத்தைந்து வயது. தம்பி பூவராகனுக்கு இருபத்திரண்டு. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவே ‘ஆம்பளப் புள்ளைக்குத்தான்’ என்று சொல்லிவிட்டது. வேலை அவனுக்கென்றால் எனக்கு என்ன என்பதையும் தாய்மாமா தயாராக வைத்திருந்தார். மேடவாக்கத்தில் மனைவியை இழந்த ஒருவர். நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள், சொந்த வீடு.

அங்காளம்மன் கோயிலில் சீட்டுப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றாள் அம்மா.

“பூசாரியும் மாமாவும் ஒண்ணா ரம்மி ஆடறவங்கம்மா. எந்தச் சீட்டு வரும்னு மாமாவையே கேட்டுக்கலாம்” என்றான் தம்பி. “அதுக்கு என் பொட்டி எவ்வளவோ தேவல. அதுக்கு அக்கா தம்பி கிடையாது, மாமா மச்சான் கிடையாது.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ‘சரி, அதையே கேட்கலாம்’ என்று முதலில் சொன்னது நான். சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அப்போது எழுத வரவில்லை. எழுதிய இரண்டு பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். தம்பி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இனி யாருக்காக மறைப்பது?

அவன் பொட்டி என்று சொன்னது வேதசிரோமணி சாருடைய கம்ப்யூட்டரை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் அவருடைய சென்டர். ஒரு பக்கம் டைப்ரைட்டிங், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர். நான் டைப் சொல்லிக் கொடுத்தேன். தம்பி கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தான். எண்பத்தெட்டில் அங்கே இருந்தது பள்ளிக்கூடம் ஒன்று வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய இயந்திரம். டிவி பெட்டிதான் அதற்குத் திரை. பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால், வண்டு கத்துவதுபோல் ஐந்து நிமிடம் கத்திவிட்டு, கேசட்டில் இருக்கிற புரோகிராம் இயந்திரத்துக்குள் ஏறும்.

தம்பி அதில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தான். ஒரு ராஜா. அவனுடைய நிழல் காணாமல் போய்விட்டது. அதைத் தேடி ஊர் ஊராகப் போகிறான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கேள்வி. சரியாகச் சொன்னால் அடுத்த ஊருக்கு வழி. மொத்தம் முந்நூறு ஊர்.

“முப்பது ஊர்ப் பேருக்கு மேல எனக்கு யோசிக்க வரலக்கா” என்றான் ஒருநாள்.

அதற்கு அவனே ஒரு வழியும் கண்டுபிடித்தான். தாம்பரம் பஸ் நிலையத்தில் நின்று போர்டு போர்டாகப் படித்தான். ஊரப்பாக்கத்திலிருந்து பாக்கத்தை வெட்டினான். மேடவாக்கத்திலிருந்து வாக்கம், கூடுவாஞ்சேரியிலிருந்து சேரி. கூடவே ஊர், குடி. இவையெல்லாம் வால். தலைகளை அவனே கட்டினான். மினு, ஓரி, தழை, கருவா, சிலம்பு, வெண்ணா என்று அறுபதுக்கு மேல். தலையில் ஒன்று, வாலில் ஒன்று, கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு எடுத்து ஒட்டும். விசையைத் தட்டத் தட்ட, உலகத்தில் எங்குமே இல்லாத ஊர் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். இங்கிலீஷ் எழுத்தில்தான் வரும். நான் தமிழில் நோட்டில் எழுதுவேன். மத்தியானம் டைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அது என் வேலை. அவன் பக்கத்து அறையில் பாடம் நடத்திக்கொண்டிருப்பான்.

முதல் நாள் மினுவூர் என்று எழுதினேன். பிறகு ஓரிவாக்கம், தழைக்குடி, கருவாப்பாக்கம், சிலம்பூர், வெண்ணாச்சேரி. அறுபது பெயர் ஆனதும் கரண்ட் போனது.

கரண்ட் வந்ததும் கேசட்டை மறுபடி ஓடவிட்டு உட்கார்ந்தேன். மினுவூர் என்று வந்தது. தொடர்ந்து ஓரிவாக்கம், தழைக்குடி.

என் கண்தான் நோட்டைப் பார்த்துவிட்டது என்று நினைத்தேன். நோட்டை வைத்துச் சரிபார்த்தேன். அறுபது பெயரும் அதே வரிசை. ஆக, தன் இஷ்டத்துக்கு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டி, அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அதே பாடத்தைத்தான் ஒப்பித்தது.

அன்றே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். தப்பாகச் சொல்லி அவன் சிரித்தால் என்ன செய்வது என்று ஒரு நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் சீட்டுப் பேச்சு வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம், அறையில் யாரும் இல்லாதபோது, சுவிட்சை நானே அணைத்து நானே போட்டு, கேசட்டை ஓடவிட்டுத் தட்டினேன்.

மினுவூர் என்றது பெட்டி.

*

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் ரயிலேறினோம். அம்மா மஞ்சள் பையில் கற்பூரம், விபூதி, எலுமிச்சம்பழம் எடுத்து வந்திருந்தாள்.

“கோயிலுக்கா போறோம்?” என்றான் தம்பி.

“எங்க போனா இன்னாடா. உங்க அப்பன் வேலடா அது. சும்மா வெறுங்கையோடவா கேக்கறது?”

சென்டர் வாசலில் வேதசிரோமணி சார் நின்றிருந்தார். “செருப்ப வெளிய விட்டுடுங்கம்மா. உள்ள ஏசி, தூசி ஆகாது.”

அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. “பாத்தியா, இங்கயும் செருப்ப கழட்டித்தான் போறாங்க” என்று என்னைப் பார்த்தாள்.

“கற்பூரம் மட்டும் வேணாம்மா. புகை பட்டா மெஷின் போயிடும்.”

“எலுமிச்சம்பழம் வைக்கலாமா?”

சார் யோசித்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். “டேபிள் மேல வைங்க. டிவி மேல வேணாம், உருண்டு விழும்” என்றார்.

தம்பி கேசட்டைப் போட்டான். வண்டு கத்தத் தொடங்கியது. கத்தி முடிகிறவரை அவன் விதிமுறை சொன்னான்.

“ரெண்டே ரெண்டு வால்தான் கணக்கு. பாக்கம், சேரி. ஆளுக்கு ஒண்ணு. ஊர், குடி, வாக்கம் வந்தா செல்லாது, அடுத்தத தட்டணும். பாக்கமோ சேரியோ, எது மொதல்ல வருதோ அவங்களுக்கு வேல. நீ பெரியவ. நீ எடுத்துக்கக்கா.”

“பாக்கம்.”

“யோசிக்கவே இல்ல?”

“ஊரப்பாக்கத்துக்காரிதானே.”

என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. ஒரு பிசிறும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. திக்கித் திணறிச் சொல்லியிருந்தாலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

வண்டு கத்தி ஓய்ந்தது. தம்பி விசைப்பலகையை இழுத்துக்கொண்டு ஏதோ ஒரு வரி அடித்தான்.

“இன்னாடா எழுதற?” என்றாள் அம்மா.

“புள்ளையார் சுழிம்மா.”

பிறகு நாற்காலியை அம்மாவுக்கு விட்டான். “இதோ இந்த நீளக் கட்டைய தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு பேரு.”

அம்மா நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டாள். விரலைப் புடவையில் துடைத்துவிட்டுத் தட்டினாள்.

“மினுவூர்” என்று படித்தான் தம்பி. “செல்லாது.”

“இதெங்க கீது, மினுவூரு?”

“எங்கயும் இல்லம்மா. அடுத்தது தட்டு.”

“ஓரிவாக்கம். செல்லாது.”

சார் என் பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்றிருந்தார். நானும் அப்படி நிற்க வேண்டுமே என்று நின்றேன்.

“தழைக்குடி. இதுவும் செல்லாது. இன்னாம்மா, மாமாவுக்கு வேல வேணும்னு வேண்டிக்கினியா?”

அம்மா சிரிக்கவில்லை. நாலாவது முறை தட்டினாள்.

தம்பி திரைப்பக்கம் குனிந்தான். “கருவாப்பாக்கம்” என்றான்.

“பாக்கம்னா யாரு?”

“அக்கா.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நன்றாகவே சிரித்தான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகனுக்குப் போனதே என்றா, மகளுக்கு வந்ததே என்றா, அந்த அழுகை எதற்கென்று எனக்கு என்றைக்குமே தெரியவில்லை. அவளும் சொன்னதில்லை.

சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “கர்த்தர் கிருபை” என்றவர், அம்மாவைப் பார்த்து, “அம்மன் கிருபைன்னும் சொல்லிக்கலாம்” என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். “இன்னும் கீதா உள்ள?”

“முந்நூறு கீதும்மா” என்றான் தம்பி, அவளைப் போலவே.

அவள் தட்டினாள். சிலம்பூர். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அழுத முகத்தோடு இன்னொரு முறை தட்டினாள்.

“போதும்மா” என்று தம்பி சுவிட்சை அணைத்தான். அதற்குள் ஆறாவது பெயர் வந்துவிட்டது. நான் பார்த்துவிட்டேன்.

வெண்ணாப்பாக்கம்.

*

ஆறாவது பெயர் வெண்ணாச்சேரி. மூன்று முறை பார்த்திருக்கிறேன். நோட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன். அது மாறாது. தலை மாறவில்லை, வெண்ணா அப்படியேதான் இருந்தது. சேரி இருந்த இடத்தில் பாக்கம் வந்திருந்தது.

டைப்ரைட்டர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எடுத்தது எனக்குப் புரிய.

அவன் அடித்த அந்த ஒரு வரி. வால்களின் பட்டியலில் சேரியை எடுத்துவிட்டு அங்கேயும் பாக்கத்தைப் போட்டிருக்கிறான். அதன் பிறகு அம்மா நாள் முழுக்கத் தட்டினாலும் சேரி என்று ஒன்று வரவே வராது. நான் பாக்கம் என்று வாயைத் திறந்த பிறகுதான் அவன் அதை அடித்தான். சேரி என்று சொல்லியிருந்தால் பாக்கத்தை எடுத்திருப்பான்.

பெட்டி ஒரே வரிசையைத்தான் சொல்லும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வரியே தேவைப்பட்டிருக்காது. என் அதிர்ஷ்டம் காலை வாரிவிடுமோ என்று பயந்து எனக்காக ஏமாற்றியிருக்கிறான். நான் அவனை ஏமாற்றுவதற்காக ரயிலேறி வந்திருந்தேன்.

நன்றி சொல்லலாமா? ‘உனக்கு எப்படிக்கா தெரிஞ்சது?’ என்று கேட்பானே. அந்தப் பெயர் மாறியிருக்கிறது என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரிய முடியும், வரிசையை மனப்பாடம் செய்தவளுக்கு.

கதவருகே வந்து நின்றான். “லெட்டர நீயே அடிச்சிடுக்கா. வெளிய போனா அவங்க அடிக்கற இங்கிலீஷப் பாத்து ஆபீஸ்ல வேலையே குடுக்க மாட்டாங்க.”

“பூவா.”

“ம்?”

“இன்னொரு தடவ பாத்துடலாமா? கோயில்லயே வேணா.”

“எதுக்கு?”

“ஒரே தடவையில முடிவு பண்ணிட்டோமேன்னு.”

“அம்மா கை வச்சாச்சு. நீ வேற பேஜார் பண்ணாதக்கா.” ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். “போன ஞாயித்துக்கெழம சைக்கிள்ல மேடவாக்கம் போயிருந்தேன்.”

நான் காகிதத்தை உருளையில் செருகினேன்.

“நல்ல மனுஷன்தான். டீ வாங்கிக் குடுத்தாரு. பெரிய பையன் வந்து நின்னான். என் உயரம் இருக்கான்க்கா. நாளைக்கு அவன் உன்ன சித்தின்னு கூப்புடணும். எனக்கு டீ எறங்கல.”

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. பாக்கம் வந்துச்சேன்னு சந்தோஷம். எனக்கென்ன, சார் இருக்காரு, பொட்டி இருக்கு. வருஷத்துக்குள்ள இந்த விளையாட்ட யாராவது வாங்குவாங்க பாரு.”

யாரும் வாங்கவில்லை. அதற்குள் வேறு இயந்திரங்கள் வந்துவிட்டன. அந்தக் கதைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கடிதத்தை அடித்தேன். மறைந்த துரைராஜின் மகன் பூவராகன் ஆகிய நான், என் மூத்த சகோதரி சாமுண்டீஸ்வரிக்கு இந்த வேலையை வழங்குவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்று மனமார உறுதி கூறுகிறேன். மனமார என்ற சொல்லை அலுவலகம் கேட்கவில்லை. இங்கிலீஷில் அதற்குரிய சொல்லை நானாகத்தான் சேர்த்தேன். அவன் வாயில் நான் வைத்த வார்த்தை அது. அவன் படித்துப் பார்த்து, “ஒரு தப்புகூட இல்ல” என்று கையெழுத்துப் போட்டான். சார் சாட்சி போட்டார். அம்மா பெருவிரல் வைத்தாள்.

“சாமி படத்துக்கு முன்ன வச்சிட்டு திங்கக்கெழம குடுக்கலாம்” என்று கடிதத்தை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டாள். கூடவே எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள். அவளை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தம்பி எனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தான்.

“கவர்மெண்ட் உத்தியோகஸ்தருக்கு” என்றான்.

நான் குடித்தேன். அதையும் குடித்தேன்.

*

மத்தியானம் எப்போதும்போல் கரண்ட் போனது. மூன்று மணிக்கு வந்தது. நான் டைப் மெஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இங்க வா.”

கேசட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அவன் அடித்த வரியைக் கேசட்டில் சேமிக்கவில்லை. சுவிட்சை அணைத்ததோடு அது போய்விட்டது. இப்போது ஏறிக்கொண்டிருந்தது பழைய புரோகிராம், சேரியும் பாக்கமும் அதனதன் இடத்தில் இருக்கிற புரோகிராம்.

“இன்னிக்கு எனக்கு கிளாஸ் இல்ல. நான் தட்டிப் படிக்கறேன், நீ எழுது. நீ வேலைக்குப் போயிட்டா அப்புறம் யாரு எழுதித் தரப் போறா?”

“நாளைக்குப் பண்ணலாம்டா.”

“ஏன்?”

“தலைய வலிக்குது.”

“அரை மணி நேரம்க்கா. காலையில அம்மா தட்டினப்ப எவ்ளோ நல்லா இருந்துச்சு, பாத்தியா? நான் ஒரு நாளும் பேரு வர்றத உக்காந்து பாத்ததே இல்ல. சுகமா இருக்கு.”

பக்கத்து நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டான். நான் உட்கார்ந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வண்டு கத்தி முடிவதற்குள் சொல்லிவிட்டால், நான் சொன்னதாக இருக்கும். முடிந்த பிறகென்றால், அவன் கண்டுபிடித்ததாக ஆகிவிடும். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் இருந்தது. கடிதம் அந்நேரம் ஊரப்பாக்கத்தில் சாமி படத்துக்கு முன்னால் இருந்திருக்கும்.

“பூவா” என்றேன்.

“எழுதிக்கோ, வருது.”

வண்டு ஓய்ந்தது. அவன் நீளக் கட்டையைத் தட்டினான். திரையில் பச்சை எழுத்து வந்தது.

“மினுவூர்” என்று படித்தான். தட்டப்போன விரலை எடுத்துக்கொண்டான். “அக்கா, காலையில மொதல்ல வந்தது இதானே?”

நான் நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. “இல்லடா. காலையில வந்தது மினுக்குடி.”

“அப்படியா? மினுவூர்னுதான் படிச்ச மாதிரி இருந்துச்சு.”

“பதட்டத்துல இருந்த. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

அன்று காலையிலிருந்து அந்தப் பெட்டியைப் பற்றி நான் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். இது வாயைத் திறந்து சொன்ன முதல் பொய்.

அவன் தலையாட்டினான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூன்று வயதிலிருந்து நம்பியவன். “அப்ப மினுவூர் எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்காக விரலைக் கட்டையின் மேல் வைத்தான்.

அது என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.